விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ்: ஒரே லேப்டாப்பில் இரண்டு இயங்குதளங்கள்

வீட்டில் ஒரே ஒரு லேப்டாப் வைத்திருப்பவருக்காக எழுதப்பட்ட அத்தியாயம் இது. குரோம்பேட்டையிலோ வண்டலூரிலோ பொறியியல் படிக்கும் மாணவர், சேலையூரில் அறை எடுத்துத் தங்கி முதல் வேலைக்குத் தயாராகிறவர், அம்மா டேலியில் கணக்கு எழுத, மகள் அதே கணினியில் நிரல் எழுதும் குடும்பம். இவர்களுக்கு அந்த லேப்டாப் ஒரு வாரம் படுத்துவிட்டால் படிப்போ வருமானமோ நின்றுபோகும். அதனால் இங்கே வேகத்துக்கு இடமில்லை. லினக்ஸை நிறுவுவது அரை மணி நேர வேலை. அதற்கு முன்பு விண்டோஸைத் தயார்செய்ய ஒரு மாலைப்பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். கோப்புகள் அழிவதற்கும் கணினி எழாமல் போவதற்கும் உள்ள காரணங்களில் பெரும்பகுதி அந்த முன்வேலையைத் தாண்டிப் போவதில்தான் இருக்கிறது.

இரட்டை இயங்குதளம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக் 2007இல் வெளியிட்ட இயங்குதளம். அந்த முயற்சிக்கு அடித்தளமாக 2005இல் உருவான கட்டற்ற மென்பொருள் தேசிய வள மையத்தில் சி-டாக்கின் சென்னைக் கிளையும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கும் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் பங்கேற்றன. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் குரோம்பேட்டை. நம் வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வளர்ந்த ஒன்றை, பவர் பட்டனை அழுத்தியதும் வரும் பட்டியலில் என்னவோ ஒரு வரி என்று நினைத்து அழித்த வீடுகள் நிறைய உண்டு. எதற்கு இரண்டு என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு இது தேவையா

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். 2017க்கு முன் வாங்கிய லேப்டாப்பில் இவை இருக்க வாய்ப்பு குறைவு. பழைய அலுவலகக் கணினிகளைச் சீர்செய்து விற்கும் கடைகளில் கிடைப்பவற்றிலும் ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலிகள் ஏராளம். இப்படிப்பட்ட கணினியில் இணைய உலாவல், வங்கி வேலை, படிப்பு எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, விண்டோஸ் இல்லாமல் முடியாத வேலைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வது நியாயமான ஏற்பாடு.

முடியாத வேலை எது? டேலி, கோரல்டிரா, ஃபோட்டோஷாப், சில டிஜிட்டல் கையொப்பச் சாவிகளின் டிரைவர்கள், கேமராவைக் கண்காணிக்கும் இணையத் தேர்வு மென்பொருள்கள், வானவில் போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்யும் அலுவலக வேலை. இவற்றை நம்பி இருப்பவர் விண்டோஸை விட்டுவிடக் கூடாது.

அதேபோல, லினக்ஸ் கட்டளைகளைப் பழகினால் போதும் என்பவருக்கு இந்த அத்தியாயமே வேண்டியதில்லை. விண்டோஸுக்குள்ளேயே இயங்கும் டபிள்யூஎஸ்எல் போதும். 16 ஜிபி ரேம் இருந்தால் விர்ச்சுவல் பாக்ஸிலும் ஓட்டலாம். 4 ஜிபி, 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் இரண்டு இயங்குதளங்களையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் மூச்சு வாங்கும். ஒரு நேரத்தில் ஒன்றே ஓடும் இரட்டை நிறுவல்தான் அதற்குச் சரி.

எந்த லினக்ஸ் என்று கேட்டால், முதல் முறை நிறுவுகிறவருக்கு லினக்ஸ் மின்ட் 22 என்பதே என் பதில். விண்டோஸ் பழகிய கை அதில் தடுமாறாது. 4 ஜிபி ரேம் என்றால் அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். 8 ஜிபிக்கு மேல் இருந்து, கல்லூரிப் பாடத்திலும் நிறுவனங்களிலும் அதிகம் புழங்குவதே வேண்டும் என்றால் உபுண்டு 24.04. இரண்டுக்கும் 2029 வரை ஆதரவு உண்டு.

விண்டோஸைத் தயார்செய்தல்

முதலில் நகல். ஆவணங்கள், படங்கள், கல்லூரி ப்ராஜெக்ட், டேலி பேக்கப் எல்லாவற்றையும் வெளி வட்டு ஒன்றில் எடுங்கள். நகல் எடுத்த பின் அந்த வட்டை வேறொரு கணினியில் செருகி, ஐந்தாறு கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது. முக்கியமான சிலவற்றை இணையச் சேமிப்பிலும் ஏற்றுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளம் முழுகியபோது கணினியும் நகல் வட்டும் ஒரே மேசையில் இருந்த வீடுகளில் இரண்டுமே போயின. அந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது பிட்லாக்கர். விண்டோஸ் 11 உள்ள புதிய லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்தாலே வட்டு முழுவதும் தானாகப் பூட்டப்பட்டிருக்கலாம். ஹோம் பதிப்பில் இதற்கு டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர். நீங்கள் கேட்டு வாங்கியது அல்ல என்பதால் பலருக்கு அது இருப்பதே தெரியாது. பயாஸில் எதையாவது மாற்றிய மறுநிமிடம் நீலத்திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும்போதுதான் தெரியவரும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் இருக்கும். இப்போதே அதை எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். லேப்டாப்பிலேயே சேமித்தால் பயனில்லை. கணக்கைத் திறந்துகொடுத்தவர் கடைக்காரரோ அண்ணனோ என்றால், எந்த மின்னஞ்சலில் திறந்தார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மேலே போங்கள். சாவி கையில் வந்ததும் செட்டிங்ஸில் போய் என்கிரிப்ஷனை அணையுங்கள். வட்டு முழுவதும் பூட்டு கழற்ற ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அது முடியும்வரை கணினியை அணைக்காதீர்கள்.

மூன்றாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தேர்வுசெய்யும் இடத்தில் இது இருக்கிறது. இதை அணைத்தே ஆக வேண்டும். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. தன் உட்கருவின் நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அங்கிருந்தே எழுகிறது. இடையில் லினக்ஸில் நுழைந்து அதே வட்டில் ஏதாவது எழுதினால், விண்டோஸ் நினைவில் வைத்திருப்பது ஒன்றாகவும் வட்டில் இருப்பது வேறொன்றாகவும் ஆகிவிடும். கோப்புகள் சிதைவது அங்கேதான். நல்லவேளையாக லினக்ஸ் பெரும்பாலும் இதைக் கண்டுபிடித்து, விண்டோஸ் பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் அனுமதிக்கும். அந்த எச்சரிக்கையைக் கட்டாயப்படுத்தித் தாண்டாதீர்கள்.

இனி இடம் ஒதுக்கல். 256 ஜிபி எஸ்எஸ்டி என்றால் லினக்ஸுக்கு 60 ஜிபி கொடுங்கள். 512 என்றால் 100 தாராளம். இடத்தைக் குறைக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி பார்ட்டிஷனைத் தேர்ந்து ஷ்ரிங்க் வால்யூம் மூலமே செய்யுங்கள். தன் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று விண்டோஸுக்குத்தான் நன்றாகத் தெரியும். அளவை எம்பியில் கேட்கும். 60 ஜிபிக்கு 61440 என்று கொடுக்க வேண்டும்.

சில சமயம் வட்டில் 150 ஜிபி காலியாக இருந்தும் பத்துப் பதினைந்து ஜிபிக்கு மேல் குறைக்க முடியாது என்று விண்டோஸ் சொல்லும். நகர்த்த முடியாத கோப்பு ஒன்று நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். ஹைபர்னேஷன், சிஸ்டம் ப்ரொடெக்ஷன், பேஜ் ஃபைல் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, கணினியை மறுபடி எழுப்பி, மீண்டும் முயன்றால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். குறைத்து முடித்ததும் பேஜ் ஃபைலையும் சிஸ்டம் ப்ரொடெக்ஷனையும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். கிடைத்த காலி இடத்தில் புதிய டிரைவ் எதையும் உருவாக்காதீர்கள். அனலொகேட்டட் என்று காட்டும் நிலையிலேயே விடுங்கள்.

கடைசியாக, சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பயாஸ் மோட் யூஇஎஃப்ஐயா லெகசியா என்று குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸையும் அதே முறையில்தான் நிறுவ வேண்டும். அரசுத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்தவை போன்ற பழைய கணினிகள் லெகசியாக இருக்கலாம். அந்த முறையில் பயன்படும் எம்பிஆர் வட்டில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் வைக்க முடியாது. நான்கும் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் காலி இடம் இருந்தும் லினக்ஸை நிறுவும் மென்பொருளான நிறுவி அதைப் பயன்படுத்த முடியாது என்று சொல்லும். டி டிரைவைக் காலிசெய்து நீக்கிவிட்டு, அந்த இடத்தை எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனாக மாற்றுவதே எளிய வழி.

பென் டிரைவும் முதல் ஓட்டமும்

மின்ட் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி, உபுண்டு அதைப்போல இரு மடங்கு. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தரும் மொபைல் திட்டத்தில் இது இறங்காது. பிராட்பேண்ட் உள்ள நண்பர் வீட்டிலோ கல்லூரியிலோ இறக்குங்கள். பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர டாரன்ட் நல்லது. இறக்கிய பின் ஷா256 சரிபார்ப்பு எண்ணை அதிகாரப்பூர்வப் பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் கோப்பு பழுது. பிறகு ரூஃபஸ் மென்பொருளால் 8 ஜிபி அல்லது பெரிய பென் டிரைவில் எழுதுங்கள். அதில் இருந்ததெல்லாம் அழியும்.

பென் டிரைவிலிருந்து எழுப்ப, லெனோவோவிலும் டெல்லிலும் பொதுவாக எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப். ஏசரில் முதலில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் எஃப்12 பட்டியலை இயக்க வேண்டியிருக்கும். செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம். மின்டும் உபுண்டுவும் அது இயங்கும்போதே எழும்.

உடனே நிறுவாதீர்கள். பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸில் அரை மணி நேரம் உலாவிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட், திரை வெளிச்சம், மூடித் திறந்தால் எழுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். வைஃபை மட்டும் வேலை செய்யவில்லை என்றால் பயப்பட வேண்டாம். கைபேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து டெதரிங் போட்டால் இணையம் வரும். அதை வைத்து டிரைவரைப் பிறகு இறக்கலாம்.

இந்தக் கட்டத்தில் சில இன்டெல் லேப்டாப்களில் ஒரு சிக்கல் எழும். நிறுவியில் எஸ்எஸ்டியே தெரியாது. வட்டு செத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பயாஸில் சேமிப்பு முறை ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்று இருந்தால் இப்படி ஆகும். அதை ஏஹெச்சிஐக்கு மாற்ற வேண்டும். ஆனால் நேராகப் போய் மாற்றினால் விண்டோஸ் எழாது. வரிசை முக்கியம். முதலில் விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனைத் திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுங்கள். மறுபடி எழுப்பும்போது பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள். விண்டோஸை ஒருமுறை சேஃப் மோடில் எழவிடுங்கள். தனக்கு வேண்டிய டிரைவரை அப்போது அது ஏற்றிக்கொள்ளும். பிறகு சேஃப் பூட் குறியை எடுத்துவிட்டு வழக்கம்போல எழுப்பலாம்.

நிறுவும் அரை மணி நேரம்

பேட்டரி முழுதாக இருக்கட்டும், சார்ஜரும் செருகியிருக்கட்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் தெருவுக்கு என்று வருகிறது என நாளிதழில் முன்கூட்டியே அறிவிப்பு வரும். அந்த நாளைத் தவிருங்கள். பழைய லேப்டாப்பில் பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காது என்றால் யூபிஎஸ் உள்ள வீட்டில் வைத்துச் செய்யுங்கள். பார்ட்டிஷன் எழுதும்போது மின்சாரம் போவதுதான் இந்த வேலையில் ஆகக் கெட்டது.

நிறுவி கேட்கும் கேள்விகளில் ஒன்றில் மட்டும் கவனம் முழுவதும் வேண்டும். எங்கே நிறுவுவது என்னும் பக்கத்தில், விண்டோஸோடு சேர்த்து நிறுவு என்பது ஒன்று. எரேஸ் டிஸ்க் என்பது இன்னொன்று. இரண்டாவது தெரிவு வட்டு முழுவதையும் துடைத்துவிடும். பிட்லாக்கர் பூட்டைக் கழற்றாமல் வந்திருந்தால் முதல் தெரிவே வராமல் இரண்டாவது மட்டும் நிற்கும். அப்போது அதைத் தொடாதீர்கள். வெளியே வந்து பிட்லாக்கர் பகுதியை மறுபடி படியுங்கள்.

தானாகச் செய்யவிடுவதைவிடக் கையால் செய்வதையே நான் பரிந்துரைப்பேன். எந்த இடத்தில் என்ன போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுச் செய்யலாம். நீங்கள் ஒதுக்கிய 60 ஜிபி ஃப்ரீ ஸ்பேஸ் என்று தெரியும். அதைத் தேர்ந்து, ஈஎக்ஸ்டி4 வகையில், மவுன்ட் பாயின்ட்டாக ஒற்றைச் சாய்கோட்டைக் கொடுங்கள். ஸ்வாப்புக்குத் தனி இடம் வேண்டியதில்லை, கோப்பாக அதுவே உருவாக்கிக்கொள்ளும். பட்டியலின் தொடக்கத்தில் சிறியதாக ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்று இருக்கும். இரண்டு இயங்குதளங்களும் அதைப் பகிர்ந்துகொள்ளும். அதற்கு நேரே ஃபார்மட் கட்டத்தில் டிக் இருக்கவே கூடாது. இருந்தால் விண்டோஸ் எழுவதற்கான கோப்புகள் போய்விடும்.

வைஃபைக்கோ என்விடியா அட்டைக்கோ கூடுதல் டிரைவர் தேவைப்பட்டால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லைக் கேட்கும். முதல் மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று வந்து அதே சொல்லைக் கேட்கும். என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்து சொல்லைக் கொடுங்கள். அவசரத்தில் கன்டினியூ அழுத்திவிட்டால் டிரைவர் மட்டும் இயங்காது, வேறு கேடில்லை.

இந்த வேலையைக் கடையில் கொடுப்பவர்கள் "அண்ணா, லினக்ஸ் போட்டுக் குடுங்க" என்று சொன்னால், முழுவதையும் ஃபார்மட் செய்து கொடுத்துவிடக் கூடும். "விண்டோஸ் அப்படியே இருக்கணும், சி டிரைவ் டேட்டா போகக் கூடாது, காலி இடத்துல மட்டும் போடணும்" என்று மூன்றையும் சொல்லி, ரசீதில் எழுதி வாங்குங்கள். இடம் ஒதுக்கும் வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

பிறகு வரும் தொல்லைகள்

லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். இரவு 7 மணிக்கு மதியம் 1.30 என்று காட்டும். கணினியின் உள்கடிகாரத்தில் இருப்பது இந்திய நேரம் என்று விண்டோஸ் நினைக்கிறது. லினக்ஸ் அதில் உலகப் பொதுநேரத்தை எழுதி வைக்கிறது. நமக்கும் கிரீன்விச்சுக்கும் உள்ள வித்தியாசமே அந்த ஐந்தரை. இணையம் கிடைத்ததும் விண்டோஸ் தானே சரிசெய்துகொள்ளலாம். ஆனால் இணையம் இல்லாத நேரத்தில் சேமித்த டேலி பதிவுகளிலும் கல்லூரி ஒப்படைப்புகளிலும் தவறான நேரம் பதிந்துவிடும். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையைக் கொண்டு உள்கடிகாரத்தை உள்ளூர் நேரத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். லினக்ஸ் நிபுணர்கள் எதிர்முறையை, அதாவது விண்டோஸின் பதிவேட்டைத் திருத்துவதையே விரும்புவார்கள். கோடைக்கால நேரமாற்றம் இல்லாத நம் நாட்டில் எளிய வழியே போதும்.

கணினியை எழுப்பினால், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் க்ரப் பட்டியல் வந்து பத்து விநாடி காத்திருந்து லினக்ஸுக்குள் போகும். வீட்டில் விண்டோஸ் மட்டும் பழகியவர் இருந்தால் இது அவருக்குக் குழப்பம். க்ரப் அமைப்புக் கோப்பில் கடைசியாகத் தேர்ந்ததையே மறுமுறையும் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். பட்டியலில் விண்டோஸே தெரியவில்லை என்றால் அது அழிந்துவிடவில்லை. 2021இல் வந்த க்ரப் 2.06 முதல் பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாக அணைந்திருக்கிறது. அதே கோப்பில் அதை இயக்கி க்ரப்பைப் புதுப்பித்தால் வரும்.

பெரிய விண்டோஸ் அப்டேட் ஒன்றுக்குப் பிறகு பட்டியல் வராமல் நேராக விண்டோஸ் எழுந்தால், பயாஸின் பூட் வரிசையில் உபுண்டு என்ற பெயரை மேலே ஏற்றுங்கள். மின்டிலும் அந்தப் பெயரே இருக்கும். 2024 ஆகஸ்டில் வந்த பாதுகாப்பு அப்டேட் இதைவிடக் கடுமையாக இருந்தது. பழைய பூட் கோப்புகளைச் செக்யூர் பூட் ஏற்காதபடி அது செய்ததால், உலகம் முழுக்க இரட்டை நிறுவல் கணினிகளில் லினக்ஸ் எழாமல் நின்றது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் நுழைந்து எல்லா அப்டேட்டுகளையும் போட்டு, மீண்டும் இயக்குவதே இப்படிப்பட்ட நேரத்தில் செய்ய வேண்டியது. மாதக்கணக்கில் லினக்ஸைத் திறக்காமல் வைத்திருப்பவருக்குத்தான் இது அதிகம் நேரும். வாரம் ஒருமுறையாவது திறந்து புதுப்பியுங்கள்.

தமிழ்த் தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை இரண்டு பக்கமும் இருக்கிறது. விண்டோஸ் 10இன் 2019 மே பதிப்பிலிருந்து அது உள்ளேயே வருகிறது. லினக்ஸில் விசைப்பலகை அமைப்பில் தமிழைச் சேர்த்தால் கிடைக்கும். இரண்டிலும் ஒரே அமைப்பை வைத்தால் விரல் குழம்பாது. மேலும் பழக விரும்புகிறவர்கள் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் குறித்துத் தமிழில் எழுதிவரும் கணியம் இதழைப் பார்க்கலாம்.

எப்போதாவது லினக்ஸ் வேண்டாம் என்று முடிவெடுத்தால், எடுத்த எடுப்பில் அதன் பார்ட்டிஷனை நீக்காதீர்கள். நீக்கிவிட்டால் க்ரப் பாதியில் நின்று, கறுப்புத் திரையில் வெறும் கட்டளைக் குறி மட்டும் வரும். முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை வரிசையில் முதலாவதாக வைத்து, விண்டோஸ் நேராக எழுகிறது என்று உறுதிசெய்யுங்கள். லினக்ஸில் இருக்கும் உங்கள் கோப்புகளை வெளி வட்டுக்கு மாற்றுங்கள். அதன் பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்தப் பார்ட்டிஷனை நீக்கி, சி டிரைவை எக்ஸ்டெண்ட் செய்தால் 60 ஜிபியும் திரும்ப வந்துவிடும். சி டிரைவுக்கு ஒட்டினாற்போல வலப்பக்கம் காலி இடம் இருந்தால் மட்டுமே விண்டோஸ் இதைச் செய்யும். ஷ்ரிங்க் வால்யூம் மூலம் ஒதுக்கிய இடம் சரியாக அங்கேதான் இருக்கும்.